மாடி வீட்டு ஏழை

ஆடி மாசம் பொறந்துட்டா எங்க கோவில்பதாகையில ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு, தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க. இன்னொண்ணு, ராத்திரி பாட்டுக் கச்சேரி. ரெண்டு ட்யூப்லைட், நாலு ஸ்பீக்கர் பாக்ஸ், பின்னாடி அம்மன் படம் போட்ட சீரியல் பல்பு, அவ்வளவுதான் மேடை. முதல்ல பக்திப் பாட்டு நாலு, அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டு, பத்து மணிக்கு மேல கூட்டம் கொட்டாவி விட ஆரம்பிக்கும்போது மைக்காரர் சொல்வாரு, "அடுத்து நம்ம அண்ணன் வர்றாரு".

அந்த அண்ணன் எங்க பெரியப்பா.

பகல்ல ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஃபிட்டர். ராத்திரி சந்திரபாபு. தொளதொள பேண்ட்டு, யார்கிட்டயோ இரவல் வாங்கின தொப்பி, கால் ரெண்டும் ரப்பர் மாதிரி வளையும். 'பம்பரக் கண்ணாலே' எடுத்தாருன்னா தூங்கிட்டு இருந்த குழந்தைங்ககூட எழுந்து உக்காரும். நடுவுல குரலைக் கீழேருந்து சட்டுன்னு மேல தூக்கி அடிப்பாரு பாருங்க, அதுக்குத்தான் விசில் பறக்கும். அடுத்த ஒரு வாரம் நாங்க பசங்க எல்லாம் ஏரிக்கரையில நின்னு அதே மாதிரி கத்திப் பாத்துத் தொண்டை கட்டிக்குவோம்.

வீட்ல பாட்டிக்கு இது பிடிக்காது. "இவனும் அந்தச் சந்திரபாபு மாதிரிதான் போவான் பாரு" - இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. சந்திரபாபு மாதிரி போறதுன்னா என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது. ஏதோ கெட்ட இடத்துக்குப் போறதுன்னு நினைச்சுக்குவேன்.

பெரியப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. போன ஆடிக் கச்சேரியில ஒரு காலேஜ் பையன் கரோக்கே போட்டு 'நானொரு முட்டாளுங்க' பாடினான். நல்லாவே பாடினான். எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவர் அவர் பையன்கிட்ட கதை சொல்ல ஆரம்பிச்சாரு. "இதைப் பாடினவர் பெரிய கோடீஸ்வரன்டா. திமிரு. யாரையும் மதிக்க மாட்டாரு. குடிச்சுக் குடிச்சு எல்லாத்தையும் அழிச்சிட்டு நடுத்தெருவுக்கு வந்துட்டாரு."

மூணே வரியில ஒரு மனுஷன் முடிஞ்சு போனான். இந்த மூணு வரிதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சந்திரபாபு வரலாறு. இது சரிதானான்னு கொஞ்சம் வருஷ வாரியாப் பாத்துடலாம்னுதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

தூத்துக்குடி - கொழும்பு - திருவல்லிக்கேணி

முழுப் பேரு ஜோசப் பனிமயதாஸ். 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தவர். அங்கே பனிமய மாதா கோயில் திருவிழா வருஷா வருஷம் ஆகஸ்ட் 5-ம் தேதி நிறைவாகும். பையன் பேரு எங்கேருந்து வந்ததுன்னு விளக்க வேண்டியதில்லை. 'சந்திரபாபு' பின்னாடி அவரே சூட்டிக்கிட்டது.

அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்காரன் நெருக்கடியில குடும்பம் கடல் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டியதாச்சு. பையன் வளர்ந்ததும் படிச்சதும் கொழும்பில். 1943 வாக்கில்தான் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது.

இந்தக் கொழும்பு விஷயத்தை நாம லேசா கடந்து போயிடுறோம். ஆனா அவர் குரலோட வேரு அங்கேதான் இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் காலத்துப் பையனுக்குக் காதுல விழுந்தது நாடக மேடைப் பாட்டும் கர்நாடக சங்கீதமும். கொழும்பு துறைமுக நகரம். 1925-லயே வானொலி தொடங்கின ஊர். மேற்கத்திய இசைத்தட்டு, சர்ச் பாட்டு, பைலா எல்லாம் சேந்து ஒலிக்கிற இடம். அதுல ஊறின காதோட ஒருத்தன் பதினாறு வயசுல மெட்ராஸுக்கு வந்து இறங்கினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தாரு சந்திரபாபு. நடை வேற, உடுப்பு வேற, பேச்சு வேற.

இங்கே ஒரு ஒத்துமை சொல்லியே ஆகணும். அதே 1927 ஆகஸ்டில், 4-ம் தேதி, அமெரிக்காவில் பிரிஸ்டல்னு ஒரு சின்ன ஊரில் ஜிம்மி ராட்ஜர்ஸ்னு ஒருத்தர் முதன்முதலா இசைத்தட்டுக்குப் பாடினார். ரயில்வேயில் பிரேக்மேனா இருந்தவர், காசநோய்க்காரர். பாட்டு நடுவுல குரலை உடைச்சு மேலே தாவவிடுற யோடலிங்கை உலகம் பூரா கொண்டு போனதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறே வருஷம்தான் பாடினாரு. 1933-ல் 35 வயசுல போயிட்டாரு. அந்த இசைத்தட்டுகள் கப்பலேறி எங்கெங்கேயோ போச்சு. தமிழ் சினிமாவில் அதே வித்தையை ஊரறியச் செஞ்சவர் அவர் முதல்முதலாப் பாடின அதே வாரத்துல தூத்துக்குடியில் பிறந்திருக்கார்!

யோடலிங்னா என்னன்னு கேட்டா விஷயம் ரொம்ப சிம்பிள். எல்லார் குரலிலும் ஒரு மடிப்பு உண்டு. கீழ்க்குரல் ஒரு உசரம் வரைக்கும் போகும், அதுக்கு மேல கள்ளக்குரல்தான். ரெண்டுக்கும் நடுவுல குரல் உடையும். முறையாப் பாட்டு கத்துக்கிறவங்க வருஷக்கணக்கா சாதகம் பண்றது அந்த உடைசல் வெளியே தெரியாம இழைக்கத்தான். யோடலிங் நேர் எதிர். உடையுற இடத்தை மறைக்காம, வேணும்னே அதுல ஏறி இறங்கி விளையாடுறது. எங்க பெரியப்பா இதைத் தன் பாஷையில சொல்வாரு: "கியர் மாத்துறப்ப சத்தம் கேக்கக் கூடாதுங்கிறான் எல்லாரும். நம்மாளு அந்தச் சத்தத்துலதான்டா பாட்டே வச்சிருக்கான்."

கோர்ட்டில் ஒரு தீக்குச்சி

எழுத்தாளர் பி.எஸ்.ராமையா இயக்கிய 'தன அமராவதி' (1947) தான் முதல் படம். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் சின்னச் சின்ன வேஷம், பெரும்பாலும் பட்டினி. ஜெமினி ஸ்டுடியோ அப்போ சினிமாவுக்கே கோட்டை மாதிரி. எஸ்.எஸ்.வாசனைப் பாத்துட்டாப் போதும்னு அலைஞ்சிருக்கார். பாக்க முடியல. 1952-ல் அந்த ஸ்டுடியோவுக்குள்ளேயே விஷத்தைக் குடிச்சிட்டாரு.

பிழைச்சுக்கிட்டார். ஆனா பிழைச்சதும் போலீஸ் கேஸ். தற்கொலைக்கு முயற்சி பண்றதே அப்போ குற்றம், இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவு, ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம். உயிரோட இருக்க முடியாம தவிச்சவனைப் பிடிச்சுக் கூண்டுல ஏத்துற சட்டம். 2017-ல் வந்த மனநலச் சட்டம்தான் அதோட பல்லைப் பிடுங்கினது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தப்போ அந்தப் பிரிவே போச்சு. சந்திரபாபு கூண்டுல நின்னதுக்கும் அதுக்கும் எழுபது வருஷத்துக்கு மேல இடைவெளி.

கோர்ட்டில் நடந்ததாச் சொல்ற கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஏன் இப்படிச் செஞ்சேன்னு நீதிபதி கேட்க, இவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையில வச்சுக்கிட்டாராம். நான் சுட்டுக்கிட்டதை நீங்க பாக்கலாம், எவ்வளவு சுட்டுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்கிற அர்த்தத்துல ஏதோ சொன்னாராம். நடந்துதோ இல்லையோ, அவர் பேரைச் சொன்னா ஜனங்க முதல்ல சொல்றது இந்தக் கதையைத்தான். என்ன ஆச்சரியம்னா, இதையும் நாம சிரிச்சுக்கிட்டேதான் சொல்றோம், காமெடியன் கதைங்கிறதால.

அதே 1952-ல் வாசனோட 'மூன்று பிள்ளைகள்' படத்துல வாய்ப்பு வந்தது. கதவு திறந்தது. ஆனா என்ன விலை!

பாட்டுக்கு ஒரு புதுக் காலு

அடுத்த பத்து வருஷம் மனுஷன் கொடி கட்டிப் பறந்தார். இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும், ஏன்னா "கோடீஸ்வரன், குடிச்சு அழிஞ்சான்" கதையில காணாம போறதே இந்த வேலைதான்.

1954-ல் ஏ.வி.எம்.மின் 'பெண்' படம். அதுல நடிச்ச எஸ்.பாலச்சந்தருக்கு (பின்னாளில் வீணை பாலச்சந்தர்னு உலகம் கொண்டாடின அதே மேதைதான்) ஒரு கல்யாணப் பாட்டு. பின்னணிக் குரல் சந்திரபாபு. நல்லா கவனிங்க, பெரிய சங்கீதக்காரர் வாயசைக்கிறார், காமெடியன் பாடுறார். இதே கதையை ஏ.வி.எம். இந்தியில 'லட்கி' (1953) என்று எடுத்தப்போ அதுல நடிச்சவர் கிஷோர் குமார். வடக்கே ஒரு யோடலிங் கிறுக்கு, தெற்கே ஒரு யோடலிங் கிறுக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனிப் படம். கிறுக்கு என்று திட்டிச் சொல்லலைங்க, ரெண்டு பேரையும் ஊரு அப்படித்தான் பாத்தது.

1955-ல் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' உலகத்தையே ஆட்டுது. 1957-ல் 'புதையல்' வருது. கலைஞர் வசனம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதின 'உனக்காக எல்லாம் உனக்காக'. கிராமத்து வாத்தியார் மாதிரி எளிமையா எழுதுற பட்டுக்கோட்டையார் வார்த்தை, மேல்நாட்டுத் தாளம், அதுக்கு எலும்பே இல்லாத மாதிரி ஆடுற ஒரு மனுஷன். இப்போ யூட்யூப்ல போட்டுப் பாருங்க, துளி பழசாத் தெரியாது. அதே வருஷம் 'மணமகன் தேவை'யில் ஜி.ராமநாதன் இசையில் 'பம்பரக் கண்ணாலே'. கர்நாடக ராகத்துல ஊறின ஜி.ராமநாதனையே இப்படி ஆட வச்சிருக்கார். 1959-ல் 'மரகதம்', ஜமுனாராணியோட 'குங்குமப் பூவே'. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை.

அதே 1959-ல் 'சகோதரி'. படம் எடுத்து முடிச்சாச்சு, போட்டுப் பாத்தா ஏ.வி.மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. சந்திரபாபுவைக் கூப்பிட்டு ஒரு பால்காரன் பாத்திரத்தைத் தனியா எடுத்து ஒட்ட வச்சாங்க. 'நானொரு முட்டாளுங்க' அந்த ஒட்டுல வந்ததுதான். இன்னிக்கு 'சகோதரி' கதை என்னன்னு பத்துப் பேர்கிட்ட கேட்டாத் தெரியாது. அந்தப் பாட்டுத் தெரியும்.

இன்னொண்ணு, நம்ம சென்னைக்காரங்க கவனிக்க வேண்டியது. 1958-ல் பி.ஆர்.பந்துலுவின் 'சபாஷ் மீனா'. சிவாஜி ஹீரோ, சந்திரபாபுவுக்கு ரெட்டை வேஷம். அதுல ஒண்ணு ரிக்‌ஷாக்காரன். தூத்துக்குடியில பிறந்து கொழும்புல வளர்ந்தவர் வாயில மெட்ராஸ் பாஷை அப்படி விளையாடும். இந்தப் படத்துக்குச் சிவாஜியை விட ஒரு ரூபாய் கூடக் கேட்டார்ங்கிறது சினிமாக்காரங்க அலுக்காம சொல்ற கதை. படத்தைப் பாத்தா அது திமிருன்னு தோணல, கணக்குன்னுதான் தோணுது! அந்தக் கதையை 1962-ல் இந்தியில ஷம்மி கபூர், மெஹமூத் வச்சு 'தில் தேரா தீவானா'ன்னு பந்துலுவே எடுத்தாரு.

இந்தக் குரல் ஊருக்கெல்லாம் எப்படிப் போச்சுன்னா, அது தனிக் கூத்து. 1952-லிருந்து டில்லியில ஒலிபரப்பு மந்திரியா இருந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டே ஆகாது. அகில இந்திய வானொலியில அதுக்கு இடம் சுருங்கிப் போச்சு. 1957 அக்டோபர்ல விவித் பாரதி வர்ற வரைக்கும் ஜனங்களுக்கு ரேடியோ சிலோன்தான் கதி. அப்புறமும் அந்தப் பழக்கம் விடல. பெரியப்பா அவர் பாட்டு எல்லாத்தையும் கத்துக்கிட்டது சிலோன் ரேடியோவுலதான். கொழும்புல கத்துக்கிட்டு வந்த குரல், கொழும்பு வழியாவே திரும்பி எங்க ஆவடிக்கு வந்திருக்கு.

மிஸ்டர் ராமச்சந்திரன்

சரி, திமிருக்கு வருவோம்.

கோடம்பாக்கத்துல பெரியவங்களை அண்ணேன்னுதான் கூப்பிடணும், இல்லேன்னா சார், முதலாளி. இவர் எம்.ஜி.ஆரை 'மிஸ்டர் ராமச்சந்திரன்' என்றும் சிவாஜியை 'கணேசன்' என்றும் கூப்பிடுவாராம். கூட நடிக்கிறவங்களைப் பத்தி மனசுல பட்டதைப் பத்திரிகைக்காரங்ககிட்ட பட்டுனு சொல்லிடுவாராம். ராஷ்டிரபதி பவன்ல பாடி முடிச்சிட்டு, பாராட்டின ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் மடியிலயே போய் உக்காந்துட்டார்ங்கிற கதையும் உண்டு. ஜனாதிபதி கோவிச்சுக்கலையாம், சிரிச்சாராம். மத்தவங்க எல்லாரும் அப்படிச் சிரிக்கல.

அவர் பக்கம் தப்பே இல்லைன்னு நான் வாதாட வரல. 1960-ல் கண்ணதாசன் சொந்தப் பணம் போட்டு, இவரை முக்கிய வேஷத்துல வச்சு 'கவலை இல்லாத மனிதன்' எடுத்தாரு. அந்தப் படத்துல இவரால பட்ட பாட்டைக் கவிஞரே எழுதி வச்சிருக்கார். ஷூட்டிங்குக்குக் கூப்பிட வீட்ல போய் உக்காந்து காத்திருந்தா, இவர் பின்வாசல் வழியாக் கிளம்பிப் போயிட்டாராம். படம் ஓடல. படம் எடுத்தவருக்குத்தான் அம்புட்டு கவலையும் வந்து சேந்துது. இதுக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? ஒண்ணும் முடியாது.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சேத்துச் சொல்லணும்ல? 'அன்னை' (1962) படத்துல 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' எழுதிக் குடுத்தது அதே கண்ணதாசன். 'ஆண்டவன் கட்டளை' (1964) படத்துல 'சிரிப்பு வருது' எழுதினதும் அதே கண்ணதாசன். பணத்தை இழந்தவர் அந்தக் குரலை இழக்க விரும்பல. இந்தப் பாட்டுங்களைக் கேக்கிறப்போ "பாவம், தன் கதையையே பாடியிருக்கான்"னு நாம சொல்றோம். எழுதினது கண்ணதாசன், ஒரு படத்துப் பாத்திரத்துக்கு எழுதினது. ஆனா எழுதும்போது யார் குரல் மனசுல ஓடியிருக்கும்ங்கிறீங்க?

அவர் கல்யாணம் பத்தியும் நிறைய கதை இருக்கு. சீக்கிரமே முறிஞ்சு போன கல்யாணம். அந்தக் கதையில இன்னொரு மனுஷியும் இருக்காங்க. அவங்க பக்கத்தை யாரும் கேட்டதில்ல. அதனால அதை இங்கே நான் எழுதப் போறதில்லை.

வட்டி தூங்காது

இப்போதான் தலைப்புக்கு வர்றேன்.

கிரீன்வேஸ் சாலைப் பக்கம், கேசவப்பெருமாள்புரத்துல ஒரு பெரிய வீடு கட்ட ஆரம்பிச்சார் சந்திரபாபு. காரை ஓட்டிக்கிட்டே மாடி வரைக்கும் ஏத்திடலாமாம், அப்படி ஒரு சாய்தளம். ஊரே பேசின வீடு.

அதே அறுபதுகளின் முதல் பாதியில் சொந்தமா ஒரு படம் தொடங்கினார். எம்.ஜி.ஆர். ஹீரோ, சாவித்திரி ஹீரோயின், கதையும் டைரக்‌ஷனும் இவரே. படத்துக்குப் பேரு 'மாடி வீட்டு ஏழை'. (1981-ல் சிவாஜி நடிச்சு இதே பேருல வந்தது வேற படம்.)

படம் பாதியில நின்னு போச்சு. கால்ஷீட் விவகாரத்துல எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியோட வாய்த் தகராறு, அது முத்திப் போய்த்தான் எல்லாம் நின்னதுன்னு சொல்றாங்க. யார் பக்கம் எவ்வளவு தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்ல. எம்.ஜி.ஆர். படங்கள்ல அதுக்கப்புறமும் சந்திரபாபு நடிச்சிருக்கார், 'பறக்கும் பாவை' (1966), 'அடிமைப் பெண்' (1969) எல்லாம் இருக்கு. அதனால "எம்.ஜி.ஆர். அழிச்சார்", "எம்.ஜி.ஆர். காப்பாத்தினார்"னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிறதுல அர்த்தம் இல்ல.

எனக்கு முக்கியமாப் படறது வேற. அந்தக் காலத்துல படம் எடுக்கிறதுக்குப் பணம் எப்படி வந்ததுன்னு பாருங்க. பாங்க் குடுக்காது. பைனான்ஸியர்தான். ஹீரோ பேரைச் சொல்லி ஏரியா வாரியா விநியோகஸ்தர்கிட்ட அட்வான்ஸ். மிச்சத்துக்கு வீடு, நகை, பத்திரம். ஷூட்டிங் நடந்தாலும் நடக்காட்டியும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். முடிஞ்ச படம் ஓடலைன்னாக்கூடக் கொஞ்சம் காசு தேறும். பாதியில நின்ன படத்துக்கு ஒரு பைசா பெறுமானம் கிடையாது. பத்து ரீலு எடுத்திருந்தாலும் அது வெறும் பிலிம் சுருள். இதுல ஹீரோ கால்ஷீட் கிடைக்காம ஒரு வருஷம் தள்ளிப் போனா, மாடிக்குக் கார் ஏத்துற வீடாவது ஒண்ணாவது.

வீடு போச்சு. 'மாடி வீட்டு ஏழை'ங்கிற படம் வரவே இல்ல. ஆனா அந்தப் பேரு மட்டும் வந்து இவர் மேல ஏறி உக்காந்துக்கிச்சு.

குடி இருந்ததா? இருந்தது, முன்னாடியே இருந்தது. பின்னாடி அதிகமாச்சு, போதை ஊசி வரைக்கும் போச்சுன்னு எழுதியிருக்காங்க. உடம்பைக் கெடுத்தது அதுதான், மறுக்கல. ஆனா குடி வீட்டை விக்கல. வட்டிதான் வித்துது.

நம்பிக்கை இல்லேன்னா அவர் கூட நடிச்சவங்களையே பாருங்க. சாவித்திரியை யாராவது திமிர் பிடிச்சவங்கன்னு சொல்வாங்களா? அள்ளிக் குடுத்த கை அது. சொந்தமாப் படம் எடுத்தாங்க, 1971-ல் 'பிராப்தம்' தயாரிச்சு இயக்கினாங்க, படம் ஓடல. 1981-ல் அவங்க போன விதம் நமக்குத் தெரியும். அதுக்கும் முன்னாடி தியாகராஜ பாகவதர். ஜெயிலேருந்து வந்ததும் சொந்தத்துல 'ராஜமுக்தி' (1948) எடுத்தாரு, கைய சுட்டுது. 1959-ல் போனப்போ பழைய செல்வம் ஒண்ணும் மிச்சம் இல்ல. மூணு பேருக்கும் மூணு குணம். முடிவு மட்டும் ஒரே மாதிரி. அப்போ குணத்தை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? நல்லா சம்பாதிச்ச நடிகனை, முதலாளியாகு முதலாளியாகுன்னு உசுப்பி விட்டு, விழுந்தா தாங்கிப் பிடிக்க ஒரு துணிகூட விரிச்சு வைக்காத தொழில் அது.

1964 நேரம் சரியில்லாத வருஷமும்கூட. 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' ரெண்டும் அந்த வருஷம்தான் வந்தது. நாகேஷ் வந்துட்டார். இன்னொரு ரப்பர் உடம்பு, இன்னும் வேகமா, சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளா. தயாரிப்பாளர் யாரைத் தேடிப் போவான்?

சந்திரபாபு சும்மா உக்காந்துடல. 1966-ல் தானே இயக்கி, சாவித்திரியோட நடிச்சு 'தட்டுங்கள் திறக்கப்படும்' எடுத்து ரிலீஸ் பண்ணிட்டார். பைபிள்ல வர்ற வாசகம்தான் தலைப்பு. ஜெமினி வாசல்ல ஒரு காலத்துல தட்டித் தட்டிப் பாத்தவர் வச்ச தலைப்பு. படம் ஓடல. ஆனா காமெடின்னு டிக்கெட் வாங்கிட்டுப் போனவனுக்கு ஒரு சீரியஸ் படத்தைக் குடுத்த அந்தத் தைரியத்தைத்தான் நான் திமிருன்னு சொல்வேன். அந்தத் திமிர் எனக்குப் பிடிச்சிருக்கு.

1974 மார்ச் 8-ம் தேதி இறந்தார். வயசு 46. கடைசி வரைக்கும் நட்பை விடாதவர்கள்ல எம்.எஸ்.விஸ்வநாதன் முக்கியமானவர். பட்டினப்பாக்கம் பக்கம் குயிபிள் தீவு கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணினாங்க.

பெரியப்பா கணக்கு

பெரியப்பா போனதும் அவரோட இரும்புப் பெட்டியை நாங்க திறந்தோம். ஃபேக்டரி சம்பளச் சீட்டெல்லாம் வருஷ வாரியா நூல் போட்டுக் கட்டி வச்சிருந்தாரு. ஃபிட்டர்ல, ஒழுங்கு. ஒரு கட்டத்துலேருந்து எல்லாச் சீட்டுலயும் ஒரு பிடித்தம். ஒன்பது வருஷம், மாசம் தவறாம. கூட வேலை பாத்த சிநேகிதர் ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் வாங்கினப்போ இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் கட்டாம ஊரை விட்டே போயிட்டார். கடன் இவர் தலையில விழுந்திருக்கு. வீட்ல யாருக்கும் சொல்லல. பெரியம்மாவுக்கே தெரியாது.

நான் தேதி பாத்தேன். பெரியப்பா நிறையக் குடிக்க ஆரம்பிச்சது பிடித்தம் ஆரம்பிச்ச அப்புறம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அந்த வருஷம்தான் நான் பத்தாவது. ஆனா எங்க வீட்ல சொல்ற கதை என்ன? "மேடை ஏறினான், குடிச்சான், கடனாளி ஆனான்." வரிசையையே திருப்பிப் போட்டுட்டோம். அப்படித் திருப்பிப் போட்டாத்தான் தப்பு முழுக்க அவர் மேல நிக்கும், நமக்குக் கேக்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சம் இருக்காது.

பாட்டி சொன்னது ஒரு விதத்துல சரிதான். பெரியப்பா சந்திரபாபு மாதிரிதான் போனார். ஆனா பாட்டி நினைச்ச மாதிரி இல்ல.

கடைசி வருஷம், உடம்பு முடியாம கட்டில்ல கிடந்தப்போ ஒரு நாள் நான் போன்ல 'உனக்காக' போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நடுவுல குரல் தாவுற இடம் வரும்ல, அங்கே உதடு மட்டும் அசைஞ்சுது. சத்தம் வரல. பாட்டு முடிஞ்சதும் "ஏண்டா, அந்த எடத்துல என்னமா ஏர்றான் பாத்தியா"ன்னாரு. அவ்வளவுதான். திமிரைப் பத்தியோ குடியைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல. ஒரு பாடகனைப் பத்தி இன்னொரு பாடகன் சொன்னது அது.

இந்த ஆடிக்கும் கச்சேரி இருக்கு. பக்கத்துல யாராவது அந்த மூணு வரிக் கதையைச் சொன்னா, நாலாவது வரியா ஒண்ணு சேத்துச் சொல்லணும்னு இருக்கேன்: "அதெல்லாம் இருக்கட்டும் சார், மொதல்ல பாட்டைக் கேளுங்க."

உங்க வீட்லயும், உங்க தெருவுலயும் ஒரு சந்திரபாபு இருந்திருப்பாரு. அவர் கதையை எந்த வரிசையில சொல்லிட்டு இருக்கீங்கன்னு ஒரு தடவை தேதி போட்டுப் பாருங்க மக்களே.